ஸ்லாம் கேட்டாச்சு, இனி எதை முதலில் ஆடுவது?

சீட்டுக்கட்டு இல்லாத வீடு கொங்குப் பக்கம் குறைவு. நோம்பிக்குச் சொந்தபந்தம் கூடினால் சாப்பாடு முடிந்த கையோடு தோட்டத்துச் சாளையில் ஜமுக்காளம் விரித்துவிடுவார்கள். ஆனால் அங்கே ஓடுவது பெரும்பாலும் ரம்மிதான். ரம்மியில் நல்ல பழக்கம் உள்ளவர்கள் பிரிட்ஜுக்கு வந்தால் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். சீட்டை நினைவு வைக்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கனவே உண்டு. ஏலம் கேட்பதும் நாலு பேர் நடுவே உட்கார்ந்தால் வந்துவிடுகிறது. திணறுவது ஸ்லாமில்தான், அதாவது மொத்தம் 13 ட்ரிக்கில் (நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்றுதான் ஒரு ட்ரிக்) 12 அல்லது 13-ஐ எடுப்பதாகக் கேட்ட ஆட்டத்தில். 'ஆறு இஸ்பேடு' என்று கேட்டு எல்லோரும் பாஸ் சொல்லி டம்மி விரிந்ததும், மனசு படபடக்கிறது, கை தானாக ஒரு சீட்டை இழுக்கிறது.

அந்த இடத்தில் என்ன யோசிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஏலம், டம்மி, துருப்பு, வெட்டு ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாம் தெற்கு, டம்மி வடக்கு, முதல் சீட்டு இறக்குபவர் நமக்கு இடப்பக்கம் இருக்கும் மேற்கு.

ஒரு ஸ்லாமில் பெரும்பாலும் பதினொரு ட்ரிக் கண்ணுக்குத் தெரியும். பன்னிரண்டாவது ஒன்றுதான் குறையும். அந்த ஒன்றுக்கு இரண்டு, மூன்று வாய்ப்புகள் இருக்கும். புதியவர்கள் 'இதில் எது நல்ல வாய்ப்பு?' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆடிவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எதை முதலில் சோதித்துப் பார்த்தால், அது பொய்த்தாலும் மற்றது கைவசம் மிஞ்சும்? இந்தக் கேள்வியைப் பழக்கிக்கொண்டால் உங்கள் ஸ்லாம்களில் நாலில் ஒன்றாவது கூடுதலாகத் தேறும் என்று நம்புகிறேன்.

பணயம் என்ன

சின்ன ஸ்லாம் என்றால் 12 ட்ரிக், பெரிய ஸ்லாம் என்றால் 13. சின்ன ஸ்லாமுக்குப் போனஸ் 500, வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) ஆக இருந்தால் 750. பெரிய ஸ்லாமுக்கு 1000, வல்னரபிளில் 1500. வல்னரபிள் இல்லாதபோது ஆறு இஸ்பேடு கேட்டுச் செய்தால் மொத்தம் 980. அதே 12 ட்ரிக்கை நாலு இஸ்பேடு கேட்டு எடுத்தால் வெறும் 480. ஒரு ட்ரிக் குறைந்தாலோ கையில் ஒன்றுமில்லை, எதிராளிக்கு 50 போகும். ஒரே ஒரு ட்ரிக்குக்கு ஆயிரம் பாயிண்ட் அளவுக்கு ஏற்ற இறக்கம். அதனால்தான் இந்தக் கையில் ஐந்து நிமிடம் யோசித்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எண்ணிவிட்டுத் தொடுங்கள்

டம்மி விரிந்ததும் டம்மியிலிருந்து ஒரு சீட்டையும் கேட்காதீர்கள். முதல் ட்ரிக்கில் டம்மி போடுவதற்கு ஒரே ஒரு சீட்டுதான் இருந்தாலும் கேட்காதீர்கள். கிணற்றில் எத்தனை மணி நேரத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தானே மஞ்சள் நடுகிறோம், அது மாதிரி முதலில் இருப்பை எண்ண வேண்டும்.

உறுதியான ட்ரிக் எத்தனை? அப்புறம், உறுதியாகப் போகப்போவது எத்தனை? மூன்றாவதாக, இனியும் ஒரு ட்ரிக்கை விட்டுக்கொடுக்க இடம் இருக்கிறதா, இல்லையா? இந்த மூன்றாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வாய்ப்புகளின் வரிசையை முடிவு செய்வதே அதுதான். இடம் இருந்தால் தோற்கக்கூடிய வழியைக்கூட முதலில் ஆடிப் பார்க்கலாம், தோற்றாலும் அடுத்தது பாக்கி இருக்கும். இடம் இல்லையென்றால், தோற்றதும் ஆட்டம் முடிந்துபோகிற வழி கடைசியாக வர வேண்டும்.

மனப்பாடம் செய்ய வேண்டிய கொஞ்சம் எண்கள்

ஒரு சூட்டில் (இஸ்பேடு, ஆட்டின் மாதிரி ஒரு வகையில்) எதிராளிகளிடம் இருக்கும் சீட்டு அவர்கள் இருவருக்குள் எப்படிப் பிரிந்திருக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். கீழே உள்ளது போதும்.

அவர்களிடம் 3 சீட்டு என்றால் 2-1 ஆகப் பிரிவது 78 சதவீதம்.
4 சீட்டு: 3-1 ஏறக்குறைய 50, 2-2 ஏறக்குறைய 40, 4-0 ஏறக்குறைய 10.
5 சீட்டு: 3-2 என்பது 68, 4-1 என்பது 28, 5-0 என்பது 4.
6 சீட்டு: 4-2 என்பது 48, 3-3 என்பது 36, 5-1 ஏறக்குறைய 15, 6-0 மிகச் சொற்பம்.
7 சீட்டு: 4-3 என்பது 62, 5-2 ஏறக்குறைய 31.

ஒற்றைப்படையில் சீட்டு வெளியே இருந்தால் முடிந்தவரை சமமாகப் பிரியும். இரட்டைப்படை என்றால் சமமாகப் பிரியாமல் இருப்பதே அதிகம். வெளியே இரண்டே சீட்டு இருக்கும்போது மட்டும் 1-1 கொஞ்சம் முந்தும், 52 சதவீதம். ஃபினெஸ் (வெளியே உள்ள பெரிய சீட்டு குறிப்பிட்ட ஒரு எதிராளியிடம் இருக்கும் என்று நம்பி, அதைவிடச் சின்ன சீட்டால் ட்ரிக் எடுக்கப் பார்ப்பது) என்பது எந்தத் தகவலும் இல்லாதபோது 50. ராஜா ஒரு பக்கம் இருக்கலாம், மறுபக்கமும் இருக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டு வாய்ப்பைச் சேர்ப்பது எப்படி? முதல் வாய்ப்பு 36, அது தவறினால் இரண்டாவது 50 என்றால், 36-ஐ அப்படியே வையுங்கள். மிச்சம் 64. அதில் பாதி 32. மொத்தம் 68. மேஜையில் உட்கார்ந்தபடியே இதைப் போட்டுவிடலாம், காகிதம் பேனா வேண்டியதில்லை.

ஒரு கை, மூன்று வழி

இப்போது ஒரு கையை நிதானமாகப் பார்ப்போம். முடிந்தால் நிஜச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு படியுங்கள், இது கண்ணால் பார்த்தால்தான் பதியும்.

டம்மி (வடக்கு)
இஸ்பேடு: ராஜா, 10, 8
ஆட்டின்: 7, 4
டைமன்: ஏஸ், ராஜா, 7, 4, 3
கிளாவர்: 8, 6, 5

நம் கை (தெற்கு)
இஸ்பேடு: ஏஸ், ராணி, ஜாக்கி, 9, 6, 4
ஆட்டின்: ஏஸ், ராணி
டைமன்: 6, 2
கிளாவர்: ராஜா, ராணி, 3

கேட்டது ஆறு இஸ்பேடு. மேற்கு கிளாவர் ஏஸை வைத்து முதல் ட்ரிக்கை எடுக்கிறார். மறுபடியும் கிளாவரே வைக்கிறார், அதை நாம் ராணியால் எடுக்கிறோம். இப்போது நிறுத்தி எண்ணுங்கள்.

இஸ்பேடில் ஆறு. ஆட்டின் ஏஸ் ஒன்று. டைமனில் ஏஸ், ராஜா இரண்டு. கிளாவரில் ராணியும் ராஜாவும் இரண்டு. மொத்தம் பதினொன்று. ஏற்கனவே ஒன்று போய்விட்டது, அதனால் விட்டுக்கொடுக்க இடம் இல்லை. மிச்சம் அத்தனையும் நமக்கே வர வேண்டும். தொல்லை தருவது ஒரே ஒரு சீட்டு, நம் ஆட்டின் ராணி.

முதல் வழி எல்லோர் கண்ணிலும் படும். டம்மிக்குப் போய், அங்கிருந்து சின்ன ஆட்டினை ஆடி, கிழக்கு சின்னது போட்டால் ராணியை வைப்பது. ஆட்டின் ராஜா கிழக்கிடம் இருந்தால் ஜெயிப்போம், மேற்கிடம் இருந்தால் முடிந்தது. 50 சதவீதம்.

இரண்டாவது வழி டம்மியின் டைமனில் ஒளிந்திருக்கிறது. அங்கே ஐந்து சீட்டு, நம்மிடம் இரண்டு, வெளியே ஆறு. ஏஸ், ராஜா ஆடிவிட்டு மூன்றாவது சுற்றை நம் கையில் வெட்டினால், 3-3 ஆகப் பிரிந்திருக்கும்போது டம்மியில் மிச்சமுள்ள இரண்டு டைமனும் பெரியது ஆகிவிடும். 4-2 ஆகப் பிரிந்திருந்தால் நாலாவது சுற்றையும் வெட்ட வேண்டும். அப்போது ஐந்தாவது டைமன், அந்த ஏழு, பெரியது ஆகும். அந்த ஏழின் மேல் ஆட்டின் ராணியைத் தூக்கி எறிந்துவிட்டால் ஃபினெஸ்ஸே தேவையில்லை. 36-ம் 48-ம் சேர்ந்து 84 சதவீதம்.

சரி, 84 பெரியது, அதை ஆடுவோம் என்று கிளம்பும் முன் ஒரு விஷயம். டைமனைப் பெரியது ஆக்கினால் மட்டும் போதாது, அதை ஆட டம்மிக்குத் திரும்பிப் போக வேண்டும். டம்மிக்கு எண்ட்ரி (அங்கே ட்ரிக்கை எடுத்து அடுத்ததை அங்கிருந்து ஆட உதவும் சீட்டு) எங்கே? ஆட்டினில் இல்லை, கிளாவரில் இல்லை. இருப்பது துருப்பில்தான்: ராஜா, 10, 8. எதிராளிகளிடம் உள்ள இஸ்பேடு 7, 5, 3, 2 மட்டுமே. அதனால் டம்மியின் எட்டுகூட எண்ட்ரிதான்.

எத்தனை தேவை? டைமன் ஏஸுக்கு நம் இரண்டிலிருந்து போகிறோம், ராஜாவுக்கு ஆறு விழுகிறது, மூன்றாவது டைமனை வெட்டிக் கைக்கு வருகிறோம். ஒரு எண்ட்ரி வேண்டும், நாலாவதை வெட்ட. இன்னொரு எண்ட்ரி வேண்டும், ஐந்தாவதை ஆட. மொத்தம் இரண்டு. இருப்பது மூன்று. ஆக, துருப்பை ஒரு சுற்று ஆடலாம். இரண்டு சுற்று ஆடக் கூடாது.

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். 'துருப்பை முதலில் இழுத்துவிடு' என்று எல்லோரும் ஆரம்பத்தில் படித்த பாடம் கையை இழுக்கும். இந்த மாதிரி ஒரு கை முடிந்ததும் கோவையில் ஒரு மேஜையில் நடந்த பேச்சு நினைவிருக்கிறது. ஆடிய பையன் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கேட்டான்:

"ஏனுங்கய்யா, துருப்பை எடுக்கறது தப்புங்களா?"

"எடுக்கறது தப்பில்ல கண்ணு. டம்மியோட துருப்பு உனக்கு வேற வேலைக்கு வேணுமான்னு கேட்டுட்டு எடு. இங்க அது கதவு. கதவைச் சாத்திப்போட்டு உள்ள எப்படிப் போவ?"

அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு சுற்றுத் துருப்பு ஆடிவிட்டால் டம்மியில் ராஜா மட்டும் மிஞ்சும். ஒரே எண்ட்ரி. அப்போது டைமன் 3-3 ஆக இருந்தால் ஜெயிப்போம்; இல்லையென்றால் அந்த ஒரே எண்ட்ரியை ஆட்டின் ஃபினெஸ்ஸுக்குத்தான் பயன்படுத்த முடியும். மேலே போட்ட கணக்கு இதுதான்: 36, மிச்சத்தில் பாதி 32, மொத்தம் 68. வெறும் ஃபினெஸ்ஸை விட நல்லது, ஆனால் 84 கண் முன்னால் இருக்கும்போது 68-ல் நிற்க வேண்டியதில்லை.

சரியான ஆட்டம் இப்படிப் போகும். மூன்றாவது ட்ரிக்கில் இஸ்பேடு ஏஸ், டம்மியிலிருந்து எட்டு. இருவரும் இஸ்பேடு போடுகிறார்களா என்று பாருங்கள். அடுத்து டைமன் இரண்டை ஏஸுக்கு. டைமன் ராஜா, நம் ஆறு. டைமன் மூன்றை டம்மியிலிருந்து ஆடி ஒன்பதால் வெட்டுங்கள். நாலால் வெட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். மேற்கிடம் டைமன் இரண்டே இருந்திருந்தால் அவர் நமக்குப் பிறகு ஐந்தாலோ ஏழாலோ மேல்வெட்டு வெட்டிவிடுவார். ஒன்பதை வெட்ட அவர்களிடம் சீட்டே இல்லை. தவிர, நாலும் ஆறும் நமக்கு டம்மிக்குப் போக வேண்டும்.

இஸ்பேடு நாலை டம்மியின் பத்துக்கு ஆடுங்கள். டைமன் நாலை ஜாக்கியால் வெட்டுங்கள். இஸ்பேடு ஆறை ராஜாவுக்கு ஆடுங்கள். துருப்பு இப்போது மூன்று சுற்று ஆகிவிட்டது. 3-1 ஆகப் பிரிந்திருந்தாலும் வெளியே ஒன்றும் இல்லை. டைமன் ஏழு, அதன் மேல் ஆட்டின் ராணி. கையில் மிஞ்சியது ஆட்டின் ஏஸ், இஸ்பேடு ராணி, கிளாவர் ராஜா. மூன்றும் நம்முடையதே. பன்னிரண்டு.

வழியில் கெட்ட செய்தி வந்தால் என்ன செய்வது என்பதும் திட்டத்தில் சேர்த்திதான். இரண்டாவது டைமனில் ஒருவர் டைமன் இல்லாமல் வேறு சூட் சீட்டைக் கழித்தால் பிரிவு 5-1, அந்த வழி அடைபட்டது. பரவாயில்லை, நாம் டம்மியில்தான் இருக்கிறோம். அங்கிருந்தே ஆட்டினை ஆடி ராணியை வையுங்கள். ஃபினெஸ் அப்போதும் உயிரோடு இருக்கிறது. இஸ்பேடு ஏஸை ஆடியபோதே ஒருவரிடம் துருப்பு இல்லை என்று தெரிந்தால், பிரிவு 4-0. நாலு சுற்று இழுக்க வேண்டியிருப்பதால் ஐந்தாவது டைமன் திட்டம் பெரும்பாலும் நிற்காது. டைமன் ஏஸுக்குப் போய் ஃபினெஸ்ஸை ஆட வேண்டியதுதான். ஒற்றை டைமன் உள்ளவர் ராஜாவை வெட்டிவிட்டால் மட்டும் வழியில்லை, அந்தக் கை போனது போனதுதான். இந்த இடர்களை எல்லாம் கூட்டிக் கழித்தாலும் மொத்த வாய்ப்பு 80-ஐத் தாண்டும்.

வழக்கமாக இங்கே ஒரு கேள்வி வரும்: ஃபினெஸ்ஸை முதலில் ஆடி, அது தோற்றால் டைமனுக்குப் போகக் கூடாதா? இந்தக் கையில் கூடாது, ஒரு ட்ரிக் ஏற்கனவே போய்விட்டதால் ஃபினெஸ் தோற்ற நிமிடமே ஆட்டம் முடிகிறது. கிளாவர் ஏஸ் நம்மிடமே இருந்து, ராணி எதிராளியிடம் போயிருந்தால் கதை வேறு. அதாவது நம் கிளாவர் ஏஸ், ராஜா, 3. மேற்கு ராணியை இறக்கி ஆரம்பிக்கிறார். அப்போது ஒரு ட்ரிக் விடலாம். டைமன் ஏஸுக்குப் போன கையோடு ஃபினெஸ்ஸை ஆடிப் பார்க்கலாம். தோற்றாலும் டைமன் வேலை அப்படியே பாக்கி இருக்கிறது, ஐந்தாவது டைமனில் கிளாவர் மூன்றைக் கழித்துவிடலாம். ஒரே ஒரு சீட்டு இடம் மாறினால் வரிசையே தலைகீழாகிறது. இடம் இருக்கிறதா என்ற கேள்வியை இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

ராணி காணவில்லை, நம்மிடம் ஒன்பது

துருப்பில் ராணி வெளியே இருக்கிறது, நம் இருவரிடமும் சேர்த்து ஒன்பது சீட்டு. ஏஸ், ராஜா ஆடி ராணி விழும் என்று நம்புவதா, ஃபினெஸ் செய்வதா? பழைய ஆட்டக்காரர்கள் 'எட்டு என்றால் ஃபினெஸ், ஒன்பது என்றால் விழ ஆடு' என்பார்கள். பெரிய ஸ்லாமில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும், ராணியை இழந்தால் ஆட்டமே போய்விடும்.

ஏஸ், ராஜா, ஜாக்கி, பத்து நாலும் ஒரே பக்கம் இருக்கும் நிலையில் கணக்கு இப்படி. இரண்டு வழியிலும் முதலில் ஏஸை ஆடிப் பார்க்கிறோம். அதன்பின் ராஜாவையும் ஆடினால் 58 சதவீதம், ஃபினெஸ் செய்தால் 56. இரண்டே புள்ளி வித்தியாசம்! இதைத்தான் புதியவர்கள் சட்டம் மாதிரிப் பிடித்துக்கொள்கிறார்கள். இவ்வளவு சிறிய வித்தியாசத்தை எதிராளி ஏலத்தில் சொன்ன ஒரு வார்த்தை புரட்டிப் போட்டுவிடும்.

உதாரணமாக, மேற்கு மூன்று ஆட்டின் என்று ஏலத்தை ஆரம்பித்திருக்கிறார். அவரிடம் ஆட்டின் ஏழு என்று வையுங்கள். நம்மிடம் ஆட்டின் நாலு, அப்படியானால் கிழக்கிடம் இரண்டு. மேற்கின் 13 சீட்டில் ஆட்டினுக்கு ஏழு போனால் மற்றவற்றுக்கு இடம் ஆறு. கிழக்குக்குப் பதினொன்று. இஸ்பேடு ராணி எங்கே இருக்கும்? ஆறுக்குப் பதினொன்று என்ற விகிதத்தில் கிழக்கிடம்தான். கிழக்கை ஃபினெஸ் செய்ய நமக்கு இடமிருந்தால் தயங்காமல் ஃபினெஸ். இந்த இடக் கணக்கைப் போடப் பழகுங்கள், சதவீத அட்டவணையை விட இது பல கைகளில் உதவும்.

விட்டுக்கொடுக்க இடம் இருந்தால் அதை விலையாகக் கொடுங்கள்

சின்ன ஸ்லாமில் வேறு எங்கும் இழப்பு இல்லை, துருப்பில் மட்டும் ஒரு ட்ரிக் போகலாம் என்ற நிலை வந்தால் சந்தோஷத்தில் ஏஸையும் ராஜாவையும் அடிக்காதீர்கள். நம்மிடம் ஏஸ், ஜாக்கி, 6, 3, 2. டம்மியில் ராஜா, 9, 5, 4. வெளியே ராணி, 10, 8, 7. முதலில் ராஜாவை ஆடினால், நாலும் மேற்கிடம் இருக்கும்போது இரண்டு ட்ரிக் இழப்போம்.

கையிலிருந்து இரண்டை ஆடுங்கள். மேற்கு சின்னது போட்டால் டம்மியிலிருந்து ஒன்பது. கிழக்கு பத்தாலோ ராணியாலோ எடுத்தால் பரவாயில்லை, வெளியே மிஞ்சுவது அதிகபட்சம் இரண்டு சீட்டு, அவை ஏஸுக்கும் ராஜாவுக்கும் விழுந்துவிடும். மேற்கு பத்தைப் போட்டால் ராஜாவால் எடுங்கள். மேற்கிடம் துருப்பே இல்லையென்றால் ராஜாவை எடுத்துவிட்டு, டம்மியிலிருந்து ஏஸ்-ஜாக்கியை நோக்கி ஆடுங்கள், கிழக்கு என்ன போட்டாலும் ஒன்றுக்கு மேல் அவருக்குக் கிடைக்காது. எப்படிப் பிரிந்தாலும் இழப்பு ஒன்றுதான். நூற்றுக்கு நூறு.

மேஜை சொல்லும் சேதி

எண்கள் எல்லாம் எதுவும் தெரியாதபோதுதான். ஆட ஆடத் தகவல் வந்துகொண்டே இருக்கும். ஏலத்தை ஆரம்பிக்கும் முறை வந்தபோது பாஸ் சொன்ன ஒருவர் ஏற்கனவே ஒரு ஏஸையும் ஒரு ராஜாவையும் ஒரு ராணியையும் காட்டிவிட்டார் என்றால் அது ஒன்பது பாயிண்ட் (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2). இன்னொரு ராஜாவும் இருந்திருந்தால் பன்னிரண்டு, அவர் பெரும்பாலும் ஏலத்தை ஆரம்பித்திருப்பார். ஆக அந்த ராஜா மற்றவரிடம். இதே மாதிரி, மேலே பார்த்த ஆறு இஸ்பேடு கையில் மேற்கு ஏலத்தை ஆரம்பித்திருந்தால் ஆட்டின் ராஜா அவரிடமே இருக்க வாய்ப்பு அதிகம். ஃபினெஸ் 50 என்ற எண் அப்போது செல்லாது.

கழிக்கும் சீட்டுகளையும் எண்ணுங்கள். நாலு சூட்டையும் எண்ண முடியாது என்று பயப்பட வேண்டாம். முக்கியமான ஒரு சூட்டைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் எண்ணுங்கள், மேலே உள்ள கையில் அது டைமன். ரம்மியில் யார் எதை எறிந்தார் என்று பார்த்த கண்ணுக்கு இது கடினமில்லை.

வேறு வழியே தெரியாத கையில் துருப்பை எல்லாம் ஒவ்வொன்றாக ஓட்டிவிடுங்கள். எதிராளிகள் எதையாவது கழித்தாக வேண்டும், இரண்டு சூட்டைக் காக்க வேண்டியவர் ஒன்றைக் கைவிடுவார். இதற்குத் தனி உத்திகள் உண்டு, அவை பிறகு. இப்போதைக்கு ஓட்டிப் பார்ப்பதே போதும்.

பழகுவது

வயதானபின் இதெல்லாம் வருமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் ஆண்கள் இரட்டையரில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்கள் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும். அப்போது ஒருவருக்கு வயது 60, இன்னொருவருக்கு 56.

ஊரில் நாலு பேர் சேராவிட்டால் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில் கம்ப்யூட்டரோடு ஆடலாம். ஆனால் ஸ்லாமுக்குச் சீட்டை மேஜையில் வைத்துப் பழகுவதுதான் நல்லது. ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் திண்ணையில் சீட்டு நிற்காது, உள்ளே உட்காருங்கள்.

மேலே ஆறு இஸ்பேடுக்குக் கொடுத்த இரண்டு கைகளையும் அப்படியே திறந்து வையுங்கள். மிச்சம் 26 சீட்டு. அதில் கிளாவர் ஏஸையும் இன்னொரு சின்னக் கிளாவரையும் மேற்குக்குக் கொடுத்துவிட்டு, மற்றதைக் கலைத்து ஆளுக்கு 13 வரும்படி போடுங்கள். முதலில் அவர்கள் சீட்டைப் பார்க்காமல் உங்கள் ஆட்டத்தை ஆடி முடியுங்கள். அப்புறம் நாலு கையையும் திறந்து, வெறும் ஃபினெஸ் ஆடியிருந்தால் என்ன, இரண்டு சுற்றுத் துருப்பு இழுத்திருந்தால் என்ன, ஒரு சுற்றோடு நிறுத்தியிருந்தால் என்ன என்று மூன்று பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி கலைத்துப் போடுங்கள். சில முறை ஃபினெஸ் ஜெயித்து, சரியான வழி தோற்கும். அதையும் அப்படியே குறியுங்கள். டைமன் 5-1 ஆகவோ துருப்பு 4-0 ஆகவோ வந்த டீல்களை மட்டும் ஒரு தாளில் தனியாக எழுதி வைத்து, எந்த ட்ரிக்கில் அது முதலில் தெரிந்தது, அந்த நேரம் நீங்கள் எந்தக் கையில் இருந்தீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். அடுத்த முறை கூட்டாளியோடு உட்காரும்போது அந்தத் தாளிலிருந்து ஆரம்பிக்கலாம்.